ஜோவிதா கல்யாணம் முடியட்டும்

என் அக்கா மெர்சி செய்யும் வேலைக்கு இன்னும் யாரும் ஒரு நல்ல பேர் வைக்கவில்லை. அவள் நர்ஸும் இல்லை, ஆயாவும் இல்லை. மதுக்கரையைத் தாண்டிப் போகும் ரோட்டில் ஒரு மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே நோயாளியைச் சேர்த்தால் கூடவே ஒரு ஆள் தங்கியாக வேண்டும் என்பது சட்டம். வீட்டில் யாருக்குத் தோதுப்படும்? மகனுக்கு ஆபீஸ், மருமகளுக்குப் பிள்ளைகளின் பரீட்சை. அப்படிப்பட்டவர்கள் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் விசாரிப்பார்கள். கடைக்கார ஷாஹுல் பாய் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "மெர்சி அம்மணி இருக்குதுங்க, தங்கமான புள்ளை" என்பார். அக்கா ஒரு கட்டைப்பையில் மாற்றுத்துணியைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவாள். யாரோ ஒருவரின் அம்மாவுக்குத் தலை வாரி, மாத்திரையை விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக் கிடப்பாள். அவர்கள் குணமாகித் தங்கள் ஊருக்குப் போகும்போது இவளும் வீட்டுக்கு வருவாள்.

வீடு ஒன்றும் தூரத்தில் இல்லை. அந்த ஆஸ்பத்திரியின் பின்மதிலை ஒட்டித்தான் எங்கள் லைன் வீடு. மதிலுக்கும் எங்கள் துவைக்கிற கல்லுக்கும் நடுவே ஒரு சாக்கடைதான்.

எங்கள் அம்மா அற்புதத்துக்கு வியாதி வந்தது நான் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது. மதிலுக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் உட்கார்ந்து தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று அம்மா சொல்ல ஆரம்பித்தாள். எங்கள் கெட்ட நேரத்தைப் பாருங்கள், அந்தப் பக்கமிருந்து பேச்சும் கூச்சலும் வருவது உண்மைதான். லைன் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் அது கேட்கும். "ஆமாங்க்கா, கத்துறாங்க, நீங்க காதுல போட்டுக்காதீங்க" என்று அவர்களும் ஆறுதல் சொன்னார்கள். வேறு எந்த ஊரில் குடியிருந்திருந்தாலும் அம்மாவுக்கு ஏதோ சரியில்லை என்று ஒரே மாதத்தில் தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்ததால் எங்களுக்கு அது தெரியவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

அப்புறம் சாப்பாட்டில் வந்தது சந்தேகம். குழம்பில் என்னமோ கலந்துவிட்டார்கள் என்று சட்டியோடு சாக்கடையில் கொட்டுவாள். அரிசியைக் கழுவிக் கழுவி நொய்யாக்குவாள். நாங்கள் பட்டினியாகப் பள்ளிக்கூடம் போனோம். அக்கா பத்தாவதோடு நின்று அடுப்படியைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவளை யாரும் நிற்கச் சொல்லவில்லை, படிக்கச் சொல்லவும் இல்லை. வயசுக்கு மீறிய பொறுப்பு என்று எங்கள் பங்குக் கோயிலில் எல்லோரும் மெச்சினார்கள்.

அப்பா அமிர்தநாதனுடையது கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலிக்கு இருந்த குடும்பம். அதை விட்டு மூட்டை தூக்க மதுக்கரைக்கு வந்தார். முதுகு ஒத்துழைக்காத பிறகு ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடித்தால் வீட்டில் பாத்திரம் பறக்கும், குடிக்காத நாளில் வாயே திறக்க மாட்டார். எது தேவலை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடித்தால் தெளியும் என்று யாரோ சொன்னார்கள் என்று அம்மாவை அடித்துக்கூடப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரே உட்கார்ந்து அழுதார். அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் கூட்டிப் போனார். மந்திரித்த எண்ணெய் பூசினார். தியான வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார். கடைசியில் வாளையாறைத் தாண்டி பாலக்காட்டுப் பக்கம் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். அங்கே என்றால் தெரிந்தவர் யாரும் வர மாட்டார்கள். அந்த டாக்டருக்குத் தமிழ் அரைகுறை, அப்பா சொன்னதும் அரைகுறை. கொடுத்த மாத்திரையை அம்மா பாதி நாள் சாப்பிட்டாள், மீதி நாள் துப்பினாள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதைதான். அக்கா அதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

"ஏனுங்ப்பா, நான் உள்ளயேதான இருக்கறேன். ஒரு எட்டு கூட்டிட்டு வந்தாப் போதுமுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"அந்தக் கேட்டுக்குள்ள உங்கம்மா போறத ஊரு பாத்துச்சுன்னா, சின்னவள எவன் கட்டுவான்? ஜோவிதா கல்யாணம் முடியட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

இந்த "ஜோவிதா கல்யாணம் முடியட்டும்" இருக்கிறதே, அதைக் கேட்டே நான் வளர்ந்தேன். வீட்டுக்கு ஓடு மாற்றுவதா, ஜோவிதா கல்யாணம் முடியட்டும். அப்பா குடியை விடுவதா, அதுவும் முடியட்டும். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் காலேஜ் முடித்து உக்கடத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வராத ஒரு மாப்பிள்ளைக்காக அம்மா வீட்டுக்குள் கெட்டுக்கொண்டே இருந்தாள்.

அக்கா ஆஸ்பத்திரி டாக்டரிடமே ஒரு தரம் கேட்டிருக்கிறாள், சொந்தத்தில் ஒருத்தருக்கு இப்படி இருக்கிறது என்று. "கூட்டிட்டு வாங்களேம்மா, நல்லாப் பண்ணிடலாம்" என்றாராம் அவர். "ரொம்ப தூரமுங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். இதைச் சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாளில் அம்மாவைக் கிணத்துக்கடவில் அப்பாவின் தங்கை ராசம்மாள் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வந்தவர்கள் பெண்ணின் அம்மா எங்கே என்று கேட்காமல் இருப்பார்களா? ஒருவரிடம் மூட்டுவலி என்றார் அப்பா, இன்னொருவரிடம் கண்ணில் புரை, மற்றொருவரிடம் கர்ப்பப்பை ஆபரேஷன். எங்கள் அம்மாவுக்கு இல்லாத வியாதி இல்லை, இருந்த வியாதியைத் தவிர. மூத்த பெண் இருக்கும்போது இளையவளுக்குப் பார்க்கிறீர்களே என்றாலும் அப்பாவிடம் பதில் தயார். "அது சிஸ்டராப் போகோணும்னு இருக்குதுங்க. ஆஸ்பத்திரில ஊழியம் பண்ணுது." அக்கா காப்பித் தட்டோடு தலையைக் குனிந்துகொள்வாள். கன்னியாஸ்திரி ஆகப்போகிறவளுக்கு ஏற்ற அடக்கம் என்று வந்தவர்களும் நினைத்துக்கொள்வார்கள்.

அக்காவின் தொழிலில் ஒரு முறை உண்டு. கேட்டுக்கு வெளியே அவளுக்கு யாரையும் தெரியாது. உக்கடம் பஸ் ஸ்டாண்டில் அவள் கையால் சோறு ஊட்டிய ஒரு பெண் குடும்பத்தோடு எதிரே வந்தால், அக்கா பஸ்ஸின் போர்டைப் படிக்க ஆரம்பித்துவிடுவாள். பேரைக் கேட்டால்கூடச் சொல்ல மாட்டாள், என்னிடமும்தான். "அவங்களா வந்து பேசுனா பேசலாம். நாமளா மூஞ்சியக் காட்டக் கூடாது கண்ணு" என்பாள். இந்த முறை தெரிந்ததால்தான் வசதியான வீட்டுக்காரர்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஸ்டீவ் என்பவர் வீட்டிலிருந்து ஜாதகம் பார்க்காத, வரதட்சணை பேசாத ஒரு சம்பந்தம் வந்தது. எங்கள் பங்கின் உபதேசியார் ரூபன் அண்ணன் கொண்டுவந்தது. ஸ்டீவுக்கு ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பு. சிங்காநல்லூர் பக்கம் சொந்த வீடு. பூசை முடிந்து கோயில் வாசலிலேயே பார்த்துப் பேசினோம். என் வேலையை விடச் சொல்ல மாட்டேன் என்று அவராகவே சொன்னார். எனக்குப் பிடித்திருந்தது, சொல்வதற்கென்ன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் அம்மாவை எங்கள் வீட்டுக்கே கூட்டி வருகிறேன் என்றார்.

அப்பாவுக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டுக்கு வழி கேட்டால் யாராக இருந்தாலும் "ஆஸ்பத்திரிக்குப் பின்னால" என்றுதான் சொல்வார்கள். அதனால் ரூபன் அண்ணனையே காரில் ஏறி வரச் சொல்லி, வேறு சந்து வழியாகச் சுற்றிக் கூட்டி வரச் செய்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அத்தனை பெரிய மதில், அதன் மேலே கண்ணாடிச் சில்லு, உள்ளே கொடி கொடியாக ஒரே நிறத்தில் காயும் துணி. ஸ்டீவின் அம்மா காரை விட்டு இறங்கியதும் அதைத்தான் நிமிர்ந்து பார்த்தார். பட்டுச்சேலை, கழுத்தில் குருசு வைத்த செயின், நல்ல லட்சணமான அம்மா. முகம் அப்படியே வெளுத்துப்போனது. போச்சு, மதிலைப் பார்த்துவிட்டார்கள் என்று அப்பா என்னைப் பார்த்தார்.

உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அக்கா காப்பி கொண்டுவந்தாள். ஸ்டீவின் அம்மா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அக்காவின் முகத்தில் ஒன்றும் இல்லை. "எடுத்துக்கங்க" என்றாள், முன்பின் தெரியாதவர்களிடம் சொல்கிற மாதிரி. அந்த அம்மா டம்ளரை எடுத்தார். கை நடுங்கிக் காப்பி தளும்பியது. அக்கா சட்டென்று தன் கையை டம்ளருக்குக் கீழே கொடுத்துத் தாங்கி, "மெதுவா... மெதுவா. அவசரமே இல்லீங்" என்றாள். அது விருந்தாளியிடம் பேசுகிற குரல் இல்லை. எங்கள் அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கும்போது வீட்டில் கேட்கிற குரல். வாய் தவறி வந்துவிட்டது. அக்காவுக்கும் அது தெரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனவள் அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து ரூபன் அண்ணன் வந்து வாசலிலேயே நின்றார்.

"பொண்ணு புடிச்சிருக்குதாமுங்க. தம்பிக்கும் மனசுதான். ஆனா அந்தம்மா வேண்டாங்கறாங்க. என்னத்துக்குன்னு கேட்டா அழுவறாங்களே ஒழிய ஒண்ணும் சொல்லமாட்டேங்கறாங்க."

அப்பாவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது, அதாவது தெரிந்த மாதிரி இருந்தது. அன்றைக்குக் குடித்துவிட்டு வந்து அக்காவைப் பிடித்துக்கொண்டார். "நீ அந்த மெண்டல் ஆஸ்பத்திரில போய்க் கெடக்கறதுனாலதான் எல்லாம். உன்னால உந்தங்கச்சி வாழ்க்கை போச்சு" என்று கத்தினார். அக்கா அவர் கழற்றி எறிந்த சட்டையை எடுத்துக் கொடியில் போட்டாள். ஒரே ஒரு வாக்கியத்தில் அவள் அவர் வாயை அடைத்திருக்கலாம். அவள் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் துவைக்கிற கல்லில் அவளிடம் கேட்டேன்.

"அக்கா, ஸ்டீவோட அம்மாவ உனக்குத் தெரியுமா?"

"எந்தம்மா?"

"அக்கா."

"தூறல் போடுது பாரு. காஞ்ச துணிய எடு."

அதுவே எனக்குப் போதும். துணியை எடுத்துக்கொண்டே யோசித்தேன். அந்த அம்மா என்றைக்கோ ஒரு நாள் அந்த மதிலுக்குள் போயிருக்கிறார். எங்கள் அக்கா அவருக்குத் தலை வாரிவிட்டிருக்கிறாள். குணமாகி வெளியே வந்து, பட்டுக் கட்டி, மகனுக்குப் பெண் பார்க்க வருகிறார். எங்கள் அம்மா இத்தனை வருஷமாக அந்த மதிலுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்து சட்டி சட்டியாகச் சோற்றைக் கொட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் எங்கள் அப்பாவுக்கும் ஒரே பயம்தான். கோபமெல்லாம் என் கல்யாணத்தின் மேல் வந்தது. அப்படி என்ன பெரிய கல்யாணம் அது?

அன்று மத்தியானம் கடையில் இருக்கும்போது ராசம்மாள் அத்தை போன் செய்தாள். ஸ்டீவ் வீட்டார் வருவதற்காக அனுப்பி வைத்த அம்மாவை நாங்கள் இன்னும் திரும்பக் கூட்டி வரவில்லை. போன நாளிலிருந்து அம்மா அங்கே பச்சைத் தண்ணீர்கூட வாயில் வைக்கவில்லையாம். காலையில் எழுந்து நடந்து போய்விட்டாளாம். பொள்ளாச்சி ரோட்டோரம் தேங்காய் லோடு ஏற்றுகிற இடத்தில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தவளை யாரோ அடையாளம் கண்டு கூட்டி வந்தார்களாம்.

"எனக்குப் பயமாருக்குது அம்மணி. நீ வந்து கூட்டிட்டுப் போயிரு சாமி. எங்கூட்ல என்னமாச்சும் ஆயிப்போச்சுன்னா நான் உங்கப்பனுக்குப் பதில் சொல்ல முடியாது."

பஸ்ஸில் போய் இறங்கினேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது, உள்ளங்கால் கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது. இது இரண்டு பெண் பெற்றவளின் கால் என்று எனக்கு நினைப்பு வந்தது, ஏன் அப்படி வந்ததோ. ஒரு ஆட்டோ பிடித்து ஏற்றினேன். வழியெல்லாம் அம்மா என் தோளில் சாய்ந்தபடி தனக்குள் முனகிக்கொண்டே வந்தாள். மதுக்கரை தாண்டியதும் ஆட்டோக்காரர், "எங்கீங்க எறக்கறது?" என்றார். லைன் வீட்டுச் சந்தைத்தான் சொல்ல வாயெடுத்தேன்.

"ஆஸ்பத்திரி முன் கேட்டுல நிறுத்துங்க" என்றேன்.

சாயங்கால வெயில் நல்லாவே இருந்தது. ஷாஹுல் பாய் கடையில் ஆள் நிறைய. லைன் வீட்டுப் பெண்கள் குடத்தோடு போய்க்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். பார்க்கட்டும், ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று அம்மாவின் கையைப் பிடித்து இறக்கினேன். முரண்டு பிடிப்பாள், கத்துவாள், எத்தனை பேர் வந்து தூக்க வேண்டுமோ என்று பயந்துகொண்டுதான் வந்தேன். அம்மா கேட்டை நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்துபோனது.

"இங்கதான் உக்காந்து பேசறாங்க. நான் சொன்னா நீங்க ஆரும் நம்பறதில்ல. வா, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுப்போடலாம்" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் விடுவிடுவென்று உள்ளே நடந்தாள்.

இத்தனை வருஷமும் இவளை எப்படிக் கூட்டிப் போவது என்று வேறு கவலைப்பட்டிருந்தோம்.

உள்ளே பெயர் பதிந்துகொண்டிருக்கும்போது அக்கா அன்று மத்தியானம்தான் துணைக்குப் போயிருந்த ஒரு புது நோயாளிக்குப் பிளாஸ்கில் வெந்நீர் எடுக்க அந்தப் பக்கம் வந்தாள். எங்களைப் பார்த்ததும் நின்றாள். பிளாஸ்கைக் கீழே வைத்தாள். என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். கிட்டே வந்து அம்மாவின் கொண்டையிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "பின்னு இருந்தா உள்ள உடமாட்டாங்கம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து, "இதுல பேஷண்ட் யாருங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

அப்பா முதல் ஒரு வாரம் வரவில்லை. லைன் வீட்டில் பேச்சு எழுந்து, அதுவாகவே அடங்கியது. அவர்களில் இரண்டு பேர் தங்கள் வீட்டு ஆட்களைப் பற்றி என்னிடம் தனியாக வந்து விசாரித்தார்கள், அது வேறு கதை. அந்தப் புது நோயாளிக்கு வேறு ஆள் பார்த்துக் கொடுத்துவிட்டு, அம்மாவுக்குத் துணையாக அக்காவே இருந்தாள். நான் கடை முடிந்து ஓடுவேன். அம்மா முதலில் தூங்கினாள், தூங்கிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சாப்பிட்டாள். ஒருநாள் ரசத்தில் புளி ஜாஸ்தி என்றாள். கலந்துவிட்டார்கள் என்று சொல்லவில்லை, புளி ஜாஸ்தி என்றாள். அக்காவும் நானும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். யாரும் பேசுகிற சத்தம் இப்போது இல்லை என்று டாக்டரிடம் அவளாகவே சொன்னாளாம்.

அப்பா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு. ஒரு பன் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். "உள்ள வாங்க" என்றாள் அம்மா. அவ்வளவு சாதாரணமாக அவள் அவரிடம் பேசி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவர் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் பன்னைப் பிய்த்துக் கொடுத்தேன். அக்கா அம்மாவின் பின்னால் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

அம்மா திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். காதோரத்து நரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை வரலியா கண்ணு?" என்றாள்.

எங்களுக்குப் புரியவில்லை. அம்மா எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. என்னைய அத்தை ஊட்டுக்கு அனுப்பிப்போட்டுத்தான கல்யாணத்த முடிச்சீங்க? நான் இருந்த இருப்புக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. உன்னைய நல்லா வெச்சிருக்கறாரா அம்மணி? கொழந்தைங்க எத்தனை?"

அப்பா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். சிஸ்டராகப் போகிறாள் என்று அவர் வந்தவர்களிடமெல்லாம் சொன்னபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். அக்காவிடம் ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அக்கா சீப்பிலிருந்த முடியை எடுத்துச் சுருட்டினாள்.

"எனக்குக் கல்யாணம் ஆகலீம்மா."

அம்மா அவளையே பார்த்தாள். கண்ணில் இப்போது கலக்கம் ஒன்றும் இல்லை, நல்ல தெளிவு.

"ஆகலியா? அப்ப இத்தனை வருசமா நீ எங்க கண்ணு இருந்தே?"

"இங்கதாம்மா இருந்தேன்" என்றாள் அக்கா.